ஊழியத்தில் சோர்வு, வீட்டில் மௌனம்: பொகவந்தலாவைத் தம்பிக்கு ஒரு பதில்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சிறிய சபையை நடத்தும் ஒரு தம்பி எழுதியிருந்தார். சுருக்கமாக அவர் கேள்வி இது:

"அக்கா, ஏழு வருடமாக ஊழியம் செய்கிறேன். ஆரம்பத்தில் ஆராதனைக்கு 40 பேர் வந்தார்கள், இப்போது 15 பேர். வாலிபர்கள் எல்லாம் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். மனைவி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். என்னோடு பேசுவதே குறைந்துபோய்விட்டது. 'அப்பா எல்லார் வீட்டுக்கும் போறாரு, நம்ம வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வர்றாரு' என்று மகள் அம்மாயியிடம் சொல்லியிருக்கிறாள். இயேசுவை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அப்பா அம்மாவோடும் அண்ணனோடும் பேச்சுவார்த்தை இல்லை. ஊருக்கெல்லாம் தேற்றரவு சொல்கிறேன், எனக்குச் சொல்ல ஆளில்லை. ஊழியத்தை விட்டுவிடலாமா?"

தம்பி, விடலாமா என்ற கேள்வியை ஒரு மூன்று மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். களைத்துப்போன மனது எடுக்கிற முடிவு பெரும்பாலும் தப்பித்து ஓடுகிற முடிவாகத்தான் இருக்கும். அதற்குள் செய்ய வேண்டிய காரியம் வேறு இருக்கிறது.

நான் போதகர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்து ஊழியர் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் இப்போது என் வேலை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஒன்று பட்டது. ஊழியத்துச் சோர்வை ஒரு பிரச்சினையாகவும், வீட்டு விரிசலை இன்னொரு பிரச்சினையாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. தேவன் தம்முடைய ஊழியக்காரனைத் தேற்றும்போது பெரும்பாலும் மனுஷரைக் கொண்டுதான் தேற்றுகிறார். அதிலும் முதலில் கிட்ட இருக்கிற மனுஷரைக் கொண்டு. அந்த மனுஷரை ஊழியத்துக்காகக் கொடுத்த விலை என்று நாமே ஒதுக்கிவிட்டால், தேற்றரவு எந்த வழியாக வரும்?

பவுலைப் பாருங்கள். மக்கெதோனியாவில் அவர் இருந்த நிலையை அவரே எழுதுகிறார்: "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன." அடுத்த வசனத்தில் என்ன நடக்கிறது? தரிசனம் வரவில்லை, தூதன் வரவில்லை. "சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல்செய்கிற தேவன் தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்." ஒரு ஆள் வந்து சேர்ந்தார், அவ்வளவுதான். சிறையில் இருந்தபோது ஒநேசிப்போரு தேடி வந்து அவரை இளைப்பாற்றினார். பவுல் அப்போது ஆசீர்வாதம் கேட்டது ஒநேசிப்போருவின் வீட்டார் எல்லாருக்கும் சேர்த்து. ரூபுவின் தாயை "எனக்கும் தாய்" என்கிறார். ஊர் ஊராக அலைந்த தனி ஆளுக்கே இப்படிச் சில வீடுகள் வேண்டியிருந்தன.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை ஊழியர் கூட்டங்களில் நிறையப் பேர் பிரசங்கிப்பார்கள். பொறுப்பைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல பகுதி. ஆனால் அந்த அதிகாரம் எப்படி ஆரம்பிக்கிறது என்பதை அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு பிள்ளைகளையும் மாமனார் எத்திரோ கூட்டிக்கொண்டு வனாந்தரத்துக்கு வருகிறார். மோசே எழுந்து போய் மாமனாரை வணங்கி முத்தமிடுகிறார். சுகம் விசாரிக்கிறார்கள், கூடாரத்துக்குள் போகிறார்கள், நடந்ததையெல்லாம் பேசுகிறார்கள். மறுநாள்தான், காலை முதல் சாயங்காலம் வரை மோசே தனியாக நியாயம் விசாரிப்பதை மாமனார் பார்க்கிறார். "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்" என்கிறார். தேவனோடு முகமுகமாய்ப் பேசிய மோசேக்கு அந்தப் புத்தி மாமனார் வாயாலேதான் கிடைத்தது. அந்த மாமனாரோ மனைவி பிள்ளைகளோடு வந்தவர். வீட்டாருக்கு இடம் இல்லாத கூடாரமாக இருந்திருந்தால் அந்த வார்த்தையும் உள்ளே வந்திருக்காது.

உங்கள் சபையில் 15 பேர் இருக்கிறார்கள் என்றீர்கள். கதவு திறப்பது, வாங்கு துடைப்பது, பாட்டு நடத்துவது, பிரசங்கம், ஞாயிறு பாடசாலை, புதன்கிழமை ஜெபம், ஆஸ்பத்திரிக்குத் துணை, எல்லாம் நீங்கள்தான் என்று கேள்விக்குள்ளேயே தெரிந்தது. 15 பேரில் இரண்டு பேர் லயங்களில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஜெபம் நடத்தக் கூடியவர்கள் இல்லையா? இருப்பார்கள். நீங்கள் செய்வதைவிடச் சுமாராகத்தான் செய்வார்கள். பரவாயில்லை, விடுங்கள்.

"தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல" என்று ஆண்டவரே சொன்னாரே, அதற்கு என்ன பதில் என்று நீங்கள் கேட்கலாம். இந்த வசனத்தை வைத்து வீட்டைக் கைவிட்ட ஊழியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வசனம் மெய்தான். கிறிஸ்துவா குடும்பமா என்று ஒரு நாள் வந்து நின்றால் கிறிஸ்துதான். ஆனால் அதே ஆண்டவர் மாற்கு 7இல் பரிசேயரைக் கடிந்துகொண்டது எதற்காக? பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அது தேவனுக்கு என்று வைத்த கொர்பான் என்று சாக்குச் சொன்னதற்காக. சிலுவையில் தொங்கும்போதும் தாயை யோவானிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். மகளோடு உட்காராமல் ஐந்தாவது ஜெபக்கூட்டத்துக்குப் போவது கிறிஸ்துவுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் எடுக்கிற தெரிவா? எனக்கு அப்படித் தெரியவில்லை. அது கூட்டத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவில் எடுக்கிற தெரிவு. கூட்டத்தைக் கிறிஸ்து என்று நினைத்துவிடக் கூடாது.

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1751இல் கல்யாணம் முடித்த கையோடு அவர் தன் நாட்குறிப்பில் எழுதினார்: கல்யாணமான மெதடிஸ்த பிரசங்கி, கல்யாணத்துக்கு முன்னால் செய்ததைவிட ஒரு பிரசங்கம் குறைவாகச் செய்தாலும், ஒரு நாள் குறைவாகப் பயணம் போனாலும் தேவனுக்கு எப்படிக் கணக்கு ஒப்புவிப்பார் என்று. சொன்னபடியே நடந்தார். அந்தக் கல்யாணம் கசந்துபோய்ப் பிரிவில் முடிந்தது. 1781இல் மனைவி இறந்த செய்தி அவருக்கு எட்டியபோது அடக்கமும் முடிந்திருந்தது. எத்தனையோ லட்சம் பேருக்கு ஆசீர்வாதமாக இருந்த மனுஷர். நான் அவரைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவரை அந்த அளவுக்கு வளர்த்தது ஒரு வீடு. தாயார் சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்று, அதில் ஒன்பதைக் குழந்தையிலேயே பறிகொடுத்தவர். மிஞ்சிய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாயங்காலம் ஒதுக்கித் தனியாக உட்கார்ந்து பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து பெரிய ஆளான பிறகும் அந்த வியாழக்கிழமையை நினைத்து அவர் தாயாருக்கு எழுதியிருக்கிறார். தாய் கொடுத்ததைத் தன் வீட்டில் கொடுக்க அவருக்கு நேரமில்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

உங்கள் மனைவி ஏன் பேசுவதில்லை என்று கேட்கிறீர்கள். அவருடைய ஒரு நாளை மனதில் ஓட்டிப் பாருங்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி, மலைக்கு ஓட வேண்டும். மழை, அட்டைக்கடி, கிலோ குறைந்தால் கங்காணியின் பேச்சு. சாயங்காலம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், ஜெபத்துக்கு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, ஈரச் சேலையோடு அடுப்படியில் நின்று "ஆமென்" சொல்ல வேண்டும். சபைக்கு முன்னால் சிரித்த முகமாகவும் இருக்க வேண்டும், போதகரம்மா அல்லவா! இவ்வளவுக்கும் நடுவில் "நீ எப்படி இருக்க?" என்று அவரிடம் கேட்டது யார்?

லயத்தில் ஒரு புருஷனும் மனைவியும் மனம்விட்டுப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது வெளியே இருக்கிறவர்களுக்கு விளங்காது. 10க்கு 12 அடி காம்பரா. தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது, இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்தில் "என்ன தடிமனா?" என்று கேட்பார்கள். உள்ளே பிள்ளை படிக்கிறாள், மாமியார் படுத்திருக்கிறார். அதனால் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. சம்பள நாளில் சாமான் வாங்க டவுனுக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடவே போங்கள். திரும்பும்போது கடைசித் துண்டு வழியை ஆட்டோ பிடிக்காமல் நடந்து வாருங்கள், பையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள். முதல் முறை அவர் ஒன்றும் பேசாமல் வரலாம். அரிசி விலையைப் பற்றி மட்டும் பேசலாம். உடனே சபைக் கதையை எடுத்துவிடாதீர்கள். மூன்றாவது நாலாவது முறையில் பேச்சு வரும். அப்போது குறை சொன்னால் வசனம் சொல்லி அடக்காதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளுடைய பேச்சில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. அப்பா வீட்டில் இல்லை என்று அவள் இன்னும் கவலைப்படுகிறாள். கவலையே படாத பிள்ளைகளையும் நான் சந்தித்திருக்கிறேன். அந்த நிலையிலிருந்து திரும்புவதற்கு ரொம்ப நாள் எடுக்கும்.

என் அப்பா திங்கட்கிழமை எந்தக் கூட்டத்துக்கும் போக மாட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு கவாத்து வெட்டின மலைக்கு மிளார் பொறுக்கப் போவார். வழியில் பைபிள் கதை ஒன்றும் சொல்ல மாட்டார். யாருக்கு யாரோடு கோபம், எந்த டீச்சர் அடித்தார், கணக்கில் எத்தனை புள்ளி என்று கேட்டுக்கொண்டே குச்சிகளை ஒரே அளவாக ஒடிப்பார். சின்னவர்களுக்குச் சின்னக் கட்டு, தலையில் குத்தாமல் இருக்கத் தன் துவாயைச் சும்மாடாகச் சுற்றி வைத்துவிடுவார். சாவு வீடு என்று ஆள் வந்தால் மட்டும் திங்கட்கிழமையிலும் போவார். அப்போதும் வந்தவரிடம், "இருங்க, வீட்ல சொல்லிட்டு வாறேன்" என்பார். உள்ளே வந்து அம்மாவிடம் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போடுவார். அவர் செய்த பிரசங்கம் ஒன்றுகூட எனக்கு முழுதாக நினைவில்லை. ஆனால் அவர் பிள்ளைகளில் ஒருவரும் சபையை வெறுத்துப் போகவில்லை. ஏலியும் சாமுவேலும் எவ்வளவு பெரிய தேவமனுஷர், அவர்களுடைய பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நமக்குத் தெரியும். "ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது மிரட்டுவதற்காக என்று நான் நினைக்கவில்லை. விசாரிக்கப் பழகும் முதல் இடம் வீடு என்பதற்காகத்தான்.

உங்கள் அப்பா அம்மா, அண்ணன் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். மலையகத்தில் முதல் தலைமுறை விசுவாசிகள் பலருக்கு இதுதான் ஆறாத புண். பெரும்பாலும் பெற்றோரின் கோபம் இயேசுமேல் இல்லை. மகன் பொங்கலுக்கு வரவில்லை, திருவிழாவுக்கு வரவில்லை, சித்தப்பா சாவுக்கு வந்தும் தூரத்தில் நின்றுவிட்டுப் போய்விட்டான், நம்மை அசுத்தம் என்று நினைக்கிறான் என்ற வலி அது. படையலும் பூசையும் உங்களுக்குக் கூடாது, சரி. ஆனால் மற்றதெல்லாம் கூடுமே! தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அம்மாவுக்கு ஒரு சேலையும் அப்பாவுக்கு ஒரு சாரமும் வாங்கிக்கொண்டு பிள்ளையோடு போங்கள். "அம்மா, படைச்சது வேணாம், சட்டியில இருக்கிறதைப் போடுங்க" என்று முன்கூட்டியே பக்குவமாகச் சொன்னால் எந்த அம்மாவும் விளங்கிக்கொள்வார். விசுவாசியாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போங்கள் என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். சாவு வீட்டில் கொள்ளி வைக்க அண்ணன் இருக்கிறார். நீங்கள் குழி வெட்டுகிறவர்களோடு நில்லுங்கள், பாடை தூக்குங்கள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுங்கள். பிரசங்கம் வேண்டாம். அண்ணன் ஆரம்பத்தில் முகம் கொடுக்காமல் இருப்பார், அதைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்முடைய சனம் பிரிவைத் தின்று வளர்ந்த சனம். 1948இல் குடியுரிமை போனது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று நம்மைக் கேட்காமலே கணக்குப் போட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஹட்டனிலும் பதுளையிலும் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினவர்களில் பலர் திரும்பத் தங்கள் உறவைப் பார்க்கவேயில்லை. அப்படி அறுபட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நிற்கிற போதகர் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிற தன் தாயைப் போய்ப் பார்க்காதவராக இருந்தால், அவர் சொல்லும் தேவ அன்பு அவர்களுக்கு எப்படி விளங்கும்?

இப்போது அந்த 15 பேர் கணக்கு. 40 பேர் 15 ஆனதை உங்கள் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான்; அடுத்த வருடமே நாட்டின் பொருளாதாரம் விழுந்தது. வாலிபப் பிள்ளைகள் கொழும்புக்குப் போனதற்கு உங்கள் பிரசங்கம் காரணமில்லை, தம்பி. அவர்கள் விசுவாசத்தை விட்டுப் போனார்களா, தோட்டத்தை விட்டு மட்டும் போனார்களா என்று விசாரித்தீர்களா? "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று சொன்ன எலியாவுக்குக் கர்த்தர் கண்ணுக்குத் தெரியாத ஏழாயிரம் பேரைக் காட்டினார். உங்களுடைய ஆட்கள் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் நிற்கிறார்கள். ஞாயிறு பின்னேரம் பலருக்கு ஓய்வு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, உள்ளூர் ஆராதனையை ஒரு மூப்பரிடம் விட்டுவிட்டுப் போய் அவர்களைக் காலிமுகத்திடலில் சந்தியுங்கள். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பிள்ளைகள் உங்கள் மனைவி கையால் ரொட்டி சாப்பிட்டவர்கள். உங்களைவிட அவரைக் கண்டுதான் அதிகம் சந்தோஷப்படுவார்கள். மகள் கடலில் கால் நனைக்கட்டும்.

எலியாவைப் பற்றி இன்னொரு விஷயம். "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சூரைச்செடியின்கீழ் படுத்தவரைக் கர்த்தர் உடனே கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்க விட்டார். உங்களுக்குத் தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், செத்தால் பரவாயில்லை என்ற எண்ணம் வருகிறதென்றால் அது விசுவாசக் குறைவு என்று நினைத்து உபவாசத்தைக் கூட்டாதீர்கள். டாக்டரிடம் போய் மறைக்காமல் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

அப்புறம், உங்களுக்கென்று ஒரு ஊழிய நண்பர் வேண்டும். கண்டி இராச்சியத்தில் உழைத்த கத்தோலிக்கக் குரு யோசேப்பு வாஸ் முனிவர் 1687இல் இலங்கைக்கு வந்தவர். கண்டிக்குள் நுழைந்தபோது உளவாளி என்று பிடித்து அடைத்தார்கள். 1696இல் கோவாவிலிருந்து துணைக் குருமார் வந்து சேரும்வரை ஒன்பது வருடம் கூட ஒரு குரு இல்லாமலே உழைத்தார். 2015இல் புனிதர் என்று அறிவிக்கப்பட்ட அவருக்கே கூட ஆட்கள் தேவைப்பட்டார்கள். நோர்வுட்டிலோ மஸ்கெலியாவிலோ, வேறு சபையாக இருந்தாலும் பரவாயில்லை, வாய் காக்கிற ஒரு போதகரைத் தேடிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடுங்கள். அவர் மனைவியும் உங்கள் மனைவியும் பேசிக்கொள்வது, நீங்கள் இருவரும் பேசுவதைவிடப் பலனாக இருக்கும்.

கடைசியாகக் காசு விஷயம். உங்கள் கேள்வியில் அதை எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரிகிறது. மனைவியின் கொழுந்துக் காசில்தான் வீடு ஓடுகிறது, வீட்டுக் காசில்தான் சபையின் மின்சாரக் கட்டணமும் போகிறது. இதை மூப்பர்களிடம் திறந்து பேசுங்கள். சபைக் கணக்கைத் தனிக் கொப்பியில் எழுதி, வீட்டிலிருந்து எவ்வளவு போகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். நீங்களே கேட்கக் கூச்சமாக இருந்தால் அந்த நோர்வுட் அல்லது மஸ்கெலியாப் போதகரை ஒரு நாள் வரச்சொல்லிப் பேச வையுங்கள். பேசப் போகும் முன்னால் கொப்பியை மனைவியிடம் காட்டி, விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் எழுத மறந்த செலவு அவருக்குத் தெரிந்திருக்கும்.